உயிர் பிழைத்த பிறகு: நுரையீரல் தேறியும் ஏன் நடக்க முடியவில்லை?



2020ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ‘எக்மோ’ என்ற சொல் நம் வீடுகளில் அடிக்கடி கேட்டது. பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் கோவிட்-19 தொற்றினால் ஆகஸ்டு 5ஆம் தேதி சென்னையில் உள்ள எம்.ஜி.எம். மருத்துவமனையில் சேர்ந்தார். சில நாள்களில் அவரது நிலை மோசமானது. சுவாசக் கருவியும் அதன்பின் எக்மோ கருவியும் பொருத்தப்பட்டன. மருத்துவமனை வெளியிட்ட ஒவ்வோர் அறிக்கையையும் உலகெங்கும் தமிழர்கள் காத்திருந்து படித்தார்கள். செப்டம்பர் 25ஆம் தேதி அவர் காலமானார்.

அந்த அறிக்கைகளில் பலரும் கவனிக்காமல் கடந்துபோன ஒரு செய்தி உண்டு. எக்மோ கருவியில் இருந்தபடியே அவர் விழிப்புடன் இருக்கிறார், இயன்மருத்துவப் பயிற்சிகளில் ஈடுபடுகிறார் என்பதே அது. நோய் நுரையீரலில், பயிற்சி கை கால்களுக்கு. மூச்சு விடவே கருவி தேவைப்படும் ஒருவருக்கு எதற்காக இந்தப் பயிற்சி?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் இந்த வாரப் பாடம். எக்மோ என்றால் மரணம் என்ற எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. உண்மையில் அந்தக் கருவியிலிருந்து மீண்டு வீடு திரும்புவோர் பலர். அவர்களுடைய வாழ்க்கை அதன்பின் எப்படி இருக்கிறது என்பதை அறிவியல் அளந்து பார்த்திருக்கிறது.

பூப்பந்துக் களம் அளவு நுரையீரல்

முதலில் நுரையீரலைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். நம் நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் உள்ளன. அவை அனைத்தையும் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் பரப்பு வரும். ஒற்றையர் பூப்பந்துக் களத்தின் நீளம் 13.4 மீட்டர், அகலம் 5.18 மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 69 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். உங்கள் நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு பூப்பந்துக் களம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது!

காற்று நுண்ணறையின் சுவரும் அதை ஒட்டிய நுண்குழாயின் சுவரும் சேர்ந்து ஒரு மைக்ரோமீட்டரைவிட மெல்லியவை. அதனால்தான் உயிர்வளி எளிதில் பரவல் முறையில் இரத்தத்துக்குள் செல்கிறது, கரியமிலவாயு வெளியேறுகிறது.

கடுமையான நிமோனியா, கோவிட்-19, இரத்தத்தில் கிருமித்தொற்று, நீரில் மூழ்குதல், எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் போன்றவற்றால் இந்த மெல்லிய சுவர் அழற்சி அடையலாம். அப்போது நுண்குழாய்களிலிருந்து நீரும் புரதமும் கசிந்து நுண்ணறைகளை நிரப்புகின்றன. காற்று இருக்க வேண்டிய இடத்தில் திரவம். எவ்வளவு வேகமாக மூச்சு வாங்கினாலும் உயிர்வளி இரத்தத்தை எட்டுவதில்லை. இந்த நிலைக்கு மருத்துவர்கள் ஏ.ஆர்.டி.எஸ். என்று பெயரிட்டிருக்கிறார்கள். திடீரென ஏற்படும் கடுமையான நுரையீரல் செயலிழப்பு என்று புரிந்துகொள்ளுங்கள்.

இத்தகைய நோயாளிக்கு முதலில் உதவுவது சுவாசக் கருவி. அது குழாய் வழியாக உயிர்வளி மிகுந்த காற்றை நுரையீரலுக்குள் செலுத்துகிறது. ஆனால், காற்றைத் தள்ளினாலும் வாயுப் பரிமாற்றம் நுரையீரலில்தான் நடக்க வேண்டும். நுரையீரல் முழுவதும் திரவமாக இருந்தால் சுவாசக் கருவியும் போதாது. அந்த இடத்தில்தான் எக்மோ வருகிறது.

உடலுக்கு வெளியே ஒரு நுரையீரல்

எக்மோவின் தத்துவம் எளிது. தொடையிலோ கழுத்திலோ உள்ள பெரிய சிரையில் தடித்த குழாயைச் செருகி இரத்தத்தை வெளியே எடுக்கிறார்கள். ஒரு பம்பு அதை மென்சவ்வுக் கருவிக்குள் அனுப்புகிறது. அந்தக் கருவிக்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய உள்ளீடற்ற இழைகள் இருக்கின்றன. இழைகளுக்குள் உயிர்வளி, வெளியே இரத்தம். காற்று நுண்ணறையில் நடக்கும் அதே பரவல் இங்கும் நடக்கிறது. உயிர்வளி ஏறிய இரத்தம் உடல் வெப்பநிலைக்குச் சூடாக்கப்பட்டு மீண்டும் உடலுக்குள் செல்கிறது. பெரியவர் ஒருவருக்கு நிமிடத்துக்கு 4 முதல் 6 லிட்டர் இரத்தம் இவ்வாறு சுற்றி வரலாம்.

எக்மோ நுரையீரலைக் குணப்படுத்துவதில்லை. நுரையீரல் தானே தேறிவரத் தேவையான நாள்களை அது வாங்கித் தருகிறது. அந்த நாள்களுக்கு ஒரு விலையும் உண்டு. இரத்தம் பிளாஸ்டிக் குழாய்களில் உறையாமல் இருக்க மருந்து கொடுக்க வேண்டும். அதனால் இரத்தக்கசிவு ஆபத்து வரும். குழாய் வழியே தொற்றும் ஏற்படலாம். நோயாளி நாள்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில் படுத்தே இருக்க வேண்டியிருக்கும். நமது நாட்டில் கோலாலம்பூரில் உள்ள தேசிய இருதயக் கழகம் போன்ற பெரிய மையங்களில் இந்தச் சிகிச்சை வழங்கப்படுகிறது.

மாறிவந்த கேள்வி

1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் இப்படிப்பட்ட 12 நோயாளிகளைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதினார்கள். அவர்களில் 7 பேர் இறந்தனர். அந்தக் காலத்தில் மருத்துவர்கள் கேட்ட ஒரே கேள்வி: இவர் பிழைப்பாரா?

1971இல் கலிபோர்னியாவில் விபத்துக்குள்ளாகி நுரையீரல் செயலிழந்த 24 வயது இளைஞர் ஒருவர் எக்மோ உதவியுடன் பிழைத்தார். 1975இல் அறுவை மருத்துவர் ராபர்ட் பார்ட்லெட் குழுவினர் ஒரு பச்சிளங்குழந்தையை அதே முறையில் காப்பாற்றினார்கள். அந்தக் குழந்தைக்குத் தாதியர் வைத்த பெயர் எஸ்பெரான்சா. ஸ்பானிய மொழியில் நம்பிக்கை என்று பொருள்.

பிழைப்பவர்கள் கூடக்கூட, இரண்டாவது கேள்வி எழுந்தது: பிழைத்தவர் எப்படி வாழ்கிறார்?

2009இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றைப் பாருங்கள். அதன் பெயர் சீசர். நுரையீரல் கடுமையாகச் செயலிழந்த 180 பேரை இரு சம குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றக் குழுவினர் எக்மோ தரும் லெஸ்டர் நகர மையத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அனுப்பப்பட்ட 90 பேரில் 68 பேருக்கு எக்மோ பொருத்தப்பட்டது. ஆறு மாதம் கழித்து இவர்கள் எண்ணியது, உயிரோடு இருப்பவர்களை மட்டுமல்ல. உயிரோடும் இருக்க வேண்டும். படுக்கையிலேயே முடங்கி, தாமே குளிக்கவும் உடுத்தவும் முடியாத கடும் ஊனமும் இருக்கக்கூடாது. இந்த அளவுகோலில், லெஸ்டருக்கு அனுப்பப்பட்ட குழுவில் 63 விழுக்காட்டினரும் வழக்கமான சிகிச்சைக் குழுவில் 47 விழுக்காட்டினரும் தேறினார்கள்.

குளிப்பது, சட்டை போடுவது. நமக்குச் சாதாரணமான இந்தச் செயல்கள் ஒரு பெரிய மருத்துவ ஆய்வின் அளவுகோலாக மாறியதைக் கவனியுங்கள். இதைத்தான் வாழ்க்கைத் தரம் என்கிறோம்.

டொரோண்டோவின் 109 பேர்

சரி, தேறியவர்களுக்கு அதன்பின் என்ன ஆனது? இதைப் பொறுமையாகப் பின்தொடர்ந்தவர் கனடாவின் டொரோண்டோ நகர மருத்துவர் மார்கரெட் ஹெர்ரிட்ஜ். அவரது குழு ஏ.ஆர்.டி.எஸ். நோயிலிருந்து பிழைத்த 109 பேரை வீடு வரை தொடர்ந்தது. முதல் ஆண்டின் முடிவுகள் 2003இல் வெளிவந்தன. ஐந்து ஆண்டு முடிவுகள் 2011இல் வந்தன. எக்மோ வரை செல்லாமல் சுவாசக் கருவியோடு மீண்டவர்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இவர்களின் நடு வயது 45. அதாவது பாதிப்பேர் அதைவிட இளையவர்கள். வேலைக்குப் போய், பிள்ளைகளை வளர்க்கும் வயது. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வந்தபோது அவர்கள் தங்கள் முந்தைய எடையில் 18 விழுக்காட்டை இழந்திருந்தார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 11 கிலோ.

நுரையீரலின் கொள்ளளவு ஆறு மாதத்துக்குள் இயல்பு நிலையை எட்டிவிட்டது. வாயுக்கள் இரத்தத்துக்குள் பரவும் திறன் மட்டும் சற்றுக் குறைவாக இருந்தது. நோய் வந்த உறுப்பு பெரும்பாலும் தேறிவிட்டது என்பதே இதன் பொருள்.

அப்படியானால் அவர்கள் நன்றாக நடந்திருக்க வேண்டும் அல்லவா? ஆய்வாளர்கள் ஒரு எளிய சோதனை வைத்தார்கள். சமதரையில் ஆறு நிமிடம், முடிந்த மட்டும் நடக்க வேண்டும். நடந்த தூரத்தை அளப்பார்கள். கிடைத்த நடு மதிப்புகள் இவை:

3 மாதத்தில்: 281 மீட்டர்
6 மாதத்தில்: 396 மீட்டர்
12 மாதத்தில்: 422 மீட்டர்
5 ஆண்டில்: 436 மீட்டர்

அதே வயதும் பாலினமும் உயரமும் எடையும் கொண்ட ஆரோக்கியமானவர்களிடம் எதிர்பார்க்கப்படும் தூரத்தில் 436 மீட்டர் என்பது 76 விழுக்காடுதான். உங்கள் பள்ளித் திடலில் 400 மீட்டர் ஓட்டப் பாதை இருந்தால் இது எளிதில் புரியும். ஆரோக்கியமானவர் ஆறு நிமிடத்தில் ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று நடப்பார். மூன்று மாதம் முன்பு வீடு திரும்பியவர் முக்கால் சுற்றைக்கூட முடிக்கமாட்டார்.

இந்த எண்களை வரைபடமாக நினைத்துப் பாருங்கள். முதல் ஆறு மாதத்தில் கோடு வேகமாக ஏறுகிறது. அதன்பின் ஏற்றம் குறைகிறது. ஓராண்டுக்குப் பிறகு கிட்டத்தட்ட சமதளமாகிவிடுகிறது. முதல் மாதங்கள் எவ்வளவு முக்கியம் என்பதை இந்த வளைவு சொல்கிறது.

வேலைக்குத் திரும்பியவர்கள் ஓராண்டில் 49 விழுக்காடு. ஐந்து ஆண்டில் 77 விழுக்காடு. ஆக, பெரும்பாலோர் திரும்புகிறார்கள். ஆனால் காலம் எடுக்கிறது.

தசை எங்கே போனது?

நுரையீரல் தேறியும் ஏன் நடக்க முடியவில்லை? அவர்கள் சொன்ன முக்கியக் காரணம்: தசை மெலிவும் பலவீனமும்.

கை முறிந்து மாவுக்கட்டுப் போட்ட நண்பரைப் பார்த்திருப்பீர்கள். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தால் அந்தக் கை மற்றதைவிட மெலிந்திருக்கும். பயன்படுத்தாத தசையை உடல் வைத்துக்கொள்வதில்லை. தசையில் புரதம் எந்நேரமும் உருவாகிக்கொண்டும் சிதைந்துகொண்டும் இருக்கிறது. அசைவு நின்றால் உருவாக்கம் குறைகிறது.

தீவிர சிகிச்சையில் இருப்பவருக்கு உடல் முழுவதும் மாவுக்கட்டுப் போட்டது போன்ற நிலை. அதோடு நோயின் அழற்சி சேர்ந்துகொள்கிறது. அழற்சியின்போது சுரக்கும் வேதிப்பொருள்கள் புரதச் சிதைவை விரைவுபடுத்துகின்றன. தசைகளுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்புகளும் பாதிக்கப்படலாம். லண்டனில் 63 நோயாளிகளிடம் செய்து 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வில், தொடையின் முன்பகுதித் தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு பத்தே நாளில் சராசரியாக 17.7 விழுக்காடு சுருங்கியிருந்தது. மாவுக்கட்டின் கீழ் வாரக்கணக்கில் நடப்பது இங்கே நாள்கணக்கில் நடந்துவிடுகிறது.

உதரவிதானமும் ஒரு தசைதான் என்பதை மறக்க வேண்டாம். நாம் பிறந்தது முதல் அது ஓய்வெடுத்ததே இல்லை. சுவாசக் கருவி அதன் வேலையை முழுவதும் ஏற்றுக்கொண்டால் உதரவிதானம் சும்மா இருக்கிறது. 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 18 முதல் 69 மணி நேரம் அசையாமல் இருந்த உதரவிதானத்தின் தசை இழைகள் பாதிக்கு மேல் மெலிந்திருந்தது தெரியவந்தது. மூன்று நாள்கூட ஆகவில்லை! கருவியை அகற்றும்போது சிலர் மூச்சுவிடத் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது முதலில் எழுந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. எக்மோவில் இருப்பவருக்கு இயன்மருத்துவம் அளிப்பது இந்த இழப்பைக் குறைக்கத்தான். நுரையீரல் தேறும் நாளில் அதைப் பயன்படுத்திக்கொள்ள உடலும் தயாராக இருக்க வேண்டும்.

மனமும் நினைவும்

தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவும் பகலும் விளக்கு எரியும். கருவிகள் ஒலிக்கும். தொண்டையில் குழாய் இருப்பதால் பேச முடியாது. மயக்க மருந்து அரைத் தூக்கத்தில் வைத்திருக்கும். இந்தச் சூழலில் பலருக்கு டெலிரியம் எனப்படும் கடும் மனக்குழப்பம் வருகிறது. இல்லாதவை தெரியும். தாதியர் தம்மைக் கொல்ல வருகிறார்கள் என்றுகூடத் தோன்றும். வீடு திரும்பிய பிறகும் இந்தப் பொய்யான நினைவுகள் உண்மைபோல் நிற்கும். நடந்த உண்மை நிகழ்ச்சிகளோ நினைவில் இருக்காது.

அமெரிக்காவின் நேஷ்வில் நகரில் 821 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. நுரையீரல் செயலிழப்பு, இரத்த ஓட்ட அதிர்ச்சி போன்ற காரணங்களால் தீவிர சிகிச்சை பெற்றவர்கள் இவர்கள். 74 விழுக்காட்டினருக்கு டெலிரியம் வந்தது. ஓராண்டு கழித்தும் ஏறக்குறைய மூவரில் ஒருவரின் சிந்தனைத் திறன், மிதமான தலைக்காயம் பட்டவர்களுடைய அளவிலேயே இருந்தது. வயதானவர்களுக்கு மட்டுமன்றி இளையவர்களுக்கும் இது நேர்ந்தது.

எக்மோவிலிருந்து மீண்டவர்களை மட்டும் கவனித்த பிரெஞ்சு ஆய்வு ஒன்றும் அதே ஆண்டில் வெளிவந்தது. மீண்ட 67 பேரை விசாரித்தபோது 34 விழுக்காட்டினருக்குப் பதற்றமும், 25 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வும் இருந்தன. 16 விழுக்காட்டினர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்துக்கு உள்ளாகும் நிலையில் இருந்தனர். எண்களை மறுபக்கமாகவும் படிக்க வேண்டும். மூவரில் இருவருக்குப் பதற்றம் இல்லை. நான்கில் மூவருக்கு மனச்சோர்வு இல்லை.

தசை பலவீனம், சிந்தனைக் குறைவு, மனப் பாதிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து ‘தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய நோய்க்குறி’ என்று அழைக்கிறார்கள். 2010இல் அமெரிக்காவில் கூடிய வல்லுநர்கள் இந்தப் பெயரை வகுத்தார்கள். பெயர் வைத்ததில் ஒரு பெரிய பயன் இருக்கிறது. அதுவரை தனித்தனி மனிதர்களின் பலவீனமாகக் கருதப்பட்டது, காரணமும் சிகிச்சையும் உள்ள ஒரு மருத்துவ நிலையாகத் தெரியத் தொடங்கியது.

பாகான் டத்தோவுக்குத் திரும்பினால்

இனி இந்த அறிவை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். பாகான் டத்தோவில் வாழும் ஒருவர் கோவிட்-19 ஐந்தாம் கட்டத்தை எட்டினார் என்று வைத்துக்கொள்வோம். நம் சுகாதார அமைச்சின் வகைப்பாட்டில் சுவாசக் கருவி தேவைப்படும் நிலை அது. அவர் பல வாரம் கழித்து வீடு திரும்புகிறார். உறவினர்கள் வந்து பார்க்கிறார்கள். முகம் தெளிவாக இருக்கிறது. விரலில் மாட்டும் கருவி உயிர்வளி அளவு சரியென்று காட்டுகிறது. “நுரையீரல் கிளியர்னு டாக்டரே சொல்லிட்டாரு. மூனு மாசம் ஆச்சு, இன்னும் என்ன மாமா படுத்தே இருக்கீங்க?” என்று ஒருவர் கேட்கிறார்.

கேட்டவர் அன்பாகத்தான் கேட்டார். ஆனால், டொரோண்டோவின் எண்களை அறிந்த நீங்கள் அப்படிக் கேட்கமாட்டீர்கள். மூன்றாவது மாதத்தில் சோர்வு இருப்பது எதிர்பார்க்கக்கூடியது. அது சோம்பல் ஆகாது.

அவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவராக இருந்தால் நிலைமை இன்னும் கடினம். நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி மேல்நோக்கி இழுக்க வேண்டும். 20 கிலோகூட எடை வரும் குலையைத் தூக்க வேண்டும். மேசை வேலை செய்பவர் வேலைக்குத் திரும்பும் நாளும் இவர் திரும்பும் நாளும் ஒன்றாக இருக்க முடியாது. சம்பளம் நிற்கிறது, மனைவியோ மகளோ கவனித்துக்கொள்ள வேலையை விடுகிறார்கள். நோயாளியைக் கவனிக்கும் குடும்பத்தாருக்கும் பதற்றமும் மனச்சோர்வும் வருவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

தூரமும் ஒரு தடை. பாகான் டத்தோவிலிருந்து தெலுக் இந்தான் மருத்துவமனைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். ஈப்போ பொது மருத்துவமனைக்கு அங்கிருந்து மேலும் ஒரு மணி நேரத்துக்கும் அதிகம். வாரம் இரு முறை இயன்மருத்துவத்துக்குப் போய்வருவது எளிதன்று. ஆகவே வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகளை மருத்துவமனையில் கேட்டு எழுதி வாங்கி வருவது மிக அவசியம்.

நம் ஊருக்கு ஒரு வசதியும் உண்டு. பேராக் ஆறு கடலில் கலக்கும் இந்தப் பகுதி சமதரை. தென்னந்தோப்புகளுக்கு நடுவே செல்லும் சாலைகளில் மேடு பள்ளம் குறைவு. மருத்துவர் அனுமதித்தபின், வெயில் ஏறுமுன் சிறிது சிறிதாக நடக்க இது நல்ல இடம். இன்று வாசல் வரை, அடுத்த வாரம் பக்கத்து வீடு வரை, அதற்கடுத்து கடை வரை.

எவை உதவுகின்றன?

மருத்துவமனையிலேயே தொடங்குவது முதல் வழி. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் சுவாசக் கருவியில் இருந்த 104 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு குழுவினருக்கு மயக்க மருந்தைத் தினமும் சிறிது நேரம் நிறுத்தி, அந்த வேளையில் உடற்பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் 59 விழுக்காட்டினர் மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது தம் வேலைகளைத் தாமே செய்தார்கள். மற்றக் குழுவில் அப்படிச் செய்ய முடிந்தவர்கள் 35 விழுக்காடு.

இரண்டாவது வழிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஐரோப்பாவின் பல மருத்துவமனைகளில் தாதியரும் குடும்பத்தாரும் நோயாளிக்காக நாட்குறிப்பு எழுதுகிறார்கள். “இன்று உங்களை நாற்காலியில் உட்கார வைத்தோம். உங்கள் மகள் வந்திருந்தாள்” என்பது போன்ற எளிய வரிகள். தேறியபின் அதைப் படிக்கும்போது, பொய்யான நினைவுகளுக்குப் பதில் உண்மையில் நடந்தது தெரியவருகிறது. 352 பேரைக் கொண்டு 2010இல் வெளியான ஆய்வில், நாட்குறிப்பு பெற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்கே அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் புதிதாக வந்தது. பெறாதவர்களில் அது 13 விழுக்காடு. உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு இந்த நிலை வந்தால், அந்த நாட்குறிப்பை எழுதக்கூடியவர் நீங்களாகவே இருக்கலாம்.

மூன்றாவது, வீட்டில் செய்ய வேண்டியவை. இழந்த தசையை மீட்கப் புரதம் வேண்டும்: முட்டை, மீன், பருப்பு, பால். நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் உணவுமுறையை மருத்துவரிடம் கேட்டு அமைத்துக்கொள்ள வேண்டும். மறதி இருந்தால் மருந்து நேரத்தை நாள்காட்டியில் எழுதி ஒட்டலாம். கெட்ட கனவுகளும் பயமும் தொடர்ந்தால் கிளினிக்கில் சொல்ல வேண்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. சொக்சோ சந்தா செலுத்திய தொழிலாளர்கள், மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டத்தைப் பற்றிச் சொக்சோ அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

செய்து பாருங்கள்: ஆறு நிமிட நடை

தேவையானவை: அளவுநாடா, இரு கூம்புகள் அல்லது நாற்காலிகள், நிறுத்துக் கடிகாரம்.

1. பள்ளி நடைபாதையில் 30 மீட்டர் அளந்து இரு முனையிலும் கூம்பு வையுங்கள்.
2. ஆரோக்கியமான நண்பர் ஒருவரை ஆறு நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். ஓடக்கூடாது, தேவைப்பட்டால் நிற்கலாம்.
3. எத்தனை முறை 30 மீட்டரைக் கடந்தார் என்று எண்ணி, மொத்தத் தூரத்தைக் கணக்கிடுங்கள்.
4. தூரத்தை 360 விநாடியால் வகுத்தால் வேகம் கிடைக்கும்.

எச்சரிக்கை: நோயுற்றவர்களிடமும் அண்மையில் சிகிச்சை பெற்றவர்களிடமும் இதை நீங்களாகச் செய்ய வேண்டாம். அவர்களுக்கு இயன்மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இனி ஓர் ஒப்பீடு. 281 மீட்டரை 360 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 0.78 மீட்டர். சாலையைக் கடக்கும் பச்சை விளக்கின் நேரத்தைப் பல நாடுகளில் விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 12 மீட்டர் அகலச் சாலைக்கு 10 விநாடி. 0.78 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு 15 விநாடிக்கும் மேல் ஆகும். விளக்கு சிவப்பாக மாறும்போது அவர் இன்னும் சாலையின் நடுவில் இருப்பார். அடுத்த முறை ஒருவர் மெதுவாகச் சாலையைக் கடந்தால், அவருடன் சேர்ந்து நடந்து செல்லுங்கள்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. சுவாசக் கருவிக்கும் எக்மோவுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு என்ன? வாயுப் பரிமாற்றம் ஒவ்வொன்றிலும் எங்கே நடக்கிறது?
2. டொரோண்டோ ஆய்வின் நடைத் தூரங்களை வரைபடமாக வரையுங்கள். எந்தக் காலக்கட்டத்தில் முன்னேற்றம் அதிகம்?
3. 75 கிலோ எடையுள்ள ஒருவர் 18 விழுக்காடு எடையை இழந்தால் அவரது புதிய எடை என்ன?
4. நுரையீரல் தேறிய பிறகும் ஒருவர் நடக்கச் சிரமப்படுவதற்கு மூன்று காரணங்களைக் கூறுங்கள்.
5. ஒரு சிகிச்சை வெற்றி பெற்றதா என்பதை அளக்க, உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கை மட்டும் போதுமா? சீசர் ஆய்வைக் காட்டி விளக்குங்கள்.

மூன்றாம் கேள்விக்கு விடை: 61.5 கிலோ. மற்றவற்றின் விடைகளை அறிவியல் ஆசிரியருடன் வகுப்பில் பேசித் தெளிவு பெறுங்கள்.